ஐ.பி. போடும் வக்கீல் யார் என்று எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடன் தொல்லையால் உயிரை விட்டவர்கள் பற்றிய செய்தி உங்கள் வேலூர் பதிப்பில் வரும்போதெல்லாம், அதன் கீழே 104 என்ற உதவி எண்ணையும் போடுகிறீர்கள். நல்ல காரியம். அதற்கு அடுத்த வரியில் 15100 என்ற எண்ணையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். மனசுக்கு ஆறுதல் சொல்ல ஒருவர் வேண்டும், சரி. மறுநாள் காலையில் தண்டல்காரர் வந்து வாசலில் நிற்கும்போது, சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று சொல்லவும் ஒருவர் வேண்டுமே. எழுத எழுதக் கடிதம் நீண்டுவிட்டது. வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மண்டித் தெருவில் அரிசி மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் மஞ்சள் கடுதாசி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் ஐ.பி. எனும் நொடிப்பு மனு கொடுத்த வியாபாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். வீட்டை மனைவி பெயருக்கும் லாரியை மச்சினன் பெயருக்கும் மாற்றிவிட்டு, கொஞ்ச நாளில் வேறு பெயரில் கடை திறந்த ஆசாமிகளும் அதில் உண்டு. அவர்களால்தான் 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்றால் ஊரே முகம் சுளிக்கிறது. உண்மையாகவே நொடித்துப் போனவன் இந்தப் பேச்சுக்குப் பயந்தே கோர்ட் பக்கம் போவதில்லை. போக நினைத்தாலும் யாரிடம் போவது என்று தெரிவதில்லை. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

என் தங்கை கணவர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே ஒரு கட்டடத்தை லீசுக்கு எடுத்து லாட்ஜ் நடத்தினார். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக் கணக்கில் தங்குவார்கள். கூடவே அவர்களே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுப்பார். வேலூர்க்காரர்களுக்கு இந்தத் தொழிலை விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் ரயில் நின்றது. அறைகள் காலி, கட்டடக்காரருக்கு வாடகை மட்டும் நிற்கவில்லை. முதலில் தோட்டப்பாளையம் வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கிக் கடன், அதன் தவணை கட்ட ஃபைனான்ஸ், ஃபைனான்ஸுக்குக் கட்ட புரோநோட்டில் கைக்கடன், கடைசியில் தண்டல். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய வரிசையைப் பேரேட்டில் எழுதினால் யாருக்கும் புரியும். அவரோ எதையும் எழுதி வைக்காமல் தலையிலேயே வைத்திருந்தார். தங்கைக்குப் பாதிதான் தெரியும், எனக்குக் கால்வாசி.

விஷயம் வெளியே வந்த பிறகு, "மாப்பிள்ளை, இனிமே புரட்டிப் பயன் இல்ல, வக்கீலைப் பார்க்கலாம்" என்றேன். "யாரைப் பார்க்கறது மச்சான்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சத்துவாச்சாரியில் இத்தனை பெரிய நீதிமன்ற வளாகம் இருக்கும் ஊரில், ஐ.பி. பார்க்கும் வக்கீல் யார் என்று ஒருவரும் உடனே சொல்லவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி, எண் 36. பெயர்ப்பலகையும் அளவாக இருக்க வேண்டும், இன்ன வழக்கில் கைதேர்ந்தவர் என்று அதில் போடக் கூடாது. 2008இல் ஒரு தளர்வு கொடுத்து, வக்கீல் தன் சொந்த இணையதளத்தில் எந்த வகை வழக்கு நடத்துகிறார் என்று குறிப்பிடலாம் என்றார்கள். நம் ஊர் சப் கோர்ட்டில் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த இணையதளம் இருக்கப் போகிறது? வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துக் கொடுக்கும் இணைய நிறுவனங்களையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து உத்தரவு போட்டது. வக்கீல் தொழில் வியாபாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கும் சம்மதமே. ஆனால் நல்ல வக்கீல் வாய் திறக்கக் கூடாது என்று விதி இருந்தால், அந்த இடத்தில் சத்தம் போடுகிறவன் புரோக்கராகத்தான் இருப்பான்.

அப்படித்தான் ஆயிற்று. தேடுகிறோம் என்ற சேதி எப்படியோ பரவி, டீக்கடையில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஐ.பி. போட்டால் எல்லாக் கடனும் அன்றைக்கே காலி, மொத்தக் கடனில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவதே விதிப்படி தப்பு. அது தெரிந்திருந்ததால் டீக்குக் காசு கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். அப்புறம் மாப்பிள்ளையின் கைபேசியில் ஒரு கம்பெனி வந்தது. மாதாமாதம் எங்களுக்குக் கட்டுங்கள், தவணையை நிறுத்துங்கள், பேங்க்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். யார் வக்கீல், எங்கே பதிவு செய்தவர் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னொருவர் உண்மையிலேயே வக்கீல்தான், கறுப்பு கோட் போட்டவர். முதலில் வீட்டில் உள்ளதை மாற்றி எழுதுங்கள், பிறகு மனு போடலாம் என்றார். மண்டியில் நான் பார்த்த அதே வித்தை. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் சும்மா மாற்றி எழுதிய சொத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 1920ஆம் வருஷ நொடிப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவே சொல்கிறது. இவர் பேச்சைக் கேட்டிருந்தால் நொடித்தவர் என்ற பெயரோடு மோசடிக்காரர் என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகனோ வேறு மாதிரி. அந்த நாட்டுத் திவால் சட்டத்தின் சாப்டர் 7, சாப்டர் 13 என்று இரவு முழுக்கத் தகவலாக அனுப்பினான். அங்கே திவால் வழக்குக்கென்றே தனி நீதிமன்றம், வக்கீல் டிவியிலேயே விளம்பரம் கொடுக்கலாம். பாசத்தில் அனுப்புகிறான், குறை சொல்லக் கூடாது. இங்கே அது ஒன்றுக்கும் உதவாது.

இங்கே எந்தச் சட்டம் என்பதிலேயே படித்தவர்களுக்கும் குழப்பம் இருக்கிறது. 2016இல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டது, இனிமேல் சென்னைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தில் தனி நபர்களுக்கான பகுதி இருப்பது உண்மை. ஆனால் கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அதை 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். லாட்ஜ்காரர், மளிகைக்கடைக்காரர், மாதச் சம்பளக்காரர் ஆகியோருக்கு வேலூரில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து 1920ஆம் வருஷச் சட்டம்தான். சென்னை நகருக்கு மட்டும் அதைவிடப் பழைய 1909 சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்கிறது நம் சட்டம். கடனிலிருந்து விடுதலை உத்தரவு வாங்காத நொடித்தவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை. 1920இல் 50 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. இன்றைக்குக் காட்பாடி ரோட்டில் இரண்டு பேர் சாப்பிடக் காணாது. தொகையை மாற்றக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

சரி, வக்கீலை எப்படிப் பிடித்தோம் என்பதைச் சொல்கிறேன். வேறு யாருக்காவது உதவும். உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் கோர்ட் நோட்டீஸ் வருகிறது அல்லவா, பொடி எழுத்தில்? வேலூர் சார்பு நீதிமன்றம், ஐ.பி. எண் இத்தனை, எதிர்மனுதாரர்கள் இன்னார் இன்னார், இந்தத் தேதியில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று. அதன் கடைசியில் மனுதாரரின் வக்கீல் பெயர் இருக்கும். பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, மாதக் கணக்கில் பின்னால் போய், ஐ.பி. நோட்டீஸ்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி. அந்தப் பெயர்களை இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயர் வாரியாகத் தேடச் சொன்னேன், பேத்தி தேடிக் கொடுத்தாள். எந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, எது தள்ளுபடி என்று எல்லாம் அதில் தெரிகிறது. மனு போட்டுவிட்டு ஆஜராகாமலே தள்ளுபடி ஆன வழக்குகள் ஒருவர் பெயரில் வரிசையாக நின்றன. அவரை அடித்துவிட்டேன். மீதிப் பெயர்களில் ஓர் அம்மாவின் பெயர் இருந்தது. சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அறை.

அந்த அம்மாவிடம் மனு எப்போது போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. விடுதலை மனு எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். நொடித்தவர் என்று உத்தரவு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. நீதிமன்றம் சொல்லும் கெடுவுக்குள் விடுதலை கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். போடாவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகிவிடும், கடன்காரர்கள் பழையபடி வந்து நிற்பார்கள். இதை மறக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எந்த ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தீங்க?" என்று கேட்டார். மண்டி என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

"எல்லாருக்கும் எடுத்த எடுப்புல ஐ.பி. போட மாட்டேன்" என்றார். பத்திரம் அடமானத்தில் இருப்பதால் ஐ.பி. போட்டாலும் வங்கி வீட்டின் மேல் கை வைக்கலாம், அதைத் தடுக்க முடியாது. அதனால் வங்கியோடு முதலில் பேசி, ஒரே தவணையில் தீர்க்க முடியுமா என்று லோக் அதாலத்தில் பார்க்கலாம் என்றார். ஃபைனான்ஸில் வெற்றுச் செக் கொடுத்திருந்தார் மாப்பிள்ளை. அது திரும்பினால் வரும் செக் வழக்கு தனி, ஐ.பி.யைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது. சீட்டில் ஒரு நண்பருக்குப் பாக்கி இருந்தது. அவர் நல்ல மனுஷன், அவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்துவிட்டு மனு போடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. கூடவே கூடாது என்றார் அந்த அம்மா. மற்றவர்களை விட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்து, 3 மாதத்துக்குள் மனுவும் வந்தால், நொடித்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர், அந்தப் பணத்தை நண்பரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். நல்ல மனுஷனுக்குச் செய்கிற நல்லது அவர் வீட்டுக்கு நோட்டீஸாகப் போய்ச் சேரும்.

ஒரு புரோநோட்டில் நான் ஜாமீன். மாப்பிள்ளைக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது என்பதை என் முகத்துக்கு நேரே சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. பீஸ் கொடுக்கிறவரைச் சந்தோஷப்படுத்தப் பேசுகிறவர் இல்லை.

பயமும் கொஞ்சம் தெளிந்தது. கட்ட முடியாதவனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று 1980லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் இருந்தும் கொடுக்காமல் ஏய்க்கிறவன் கதை வேறு. பணக் கடன் தீர்ப்பில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள், தாலி இவையெல்லாம் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. ஐ.பி.யிலும் ரிசீவர் கைக்குப் போகாது. தங்கையின் சீர் நகை அவளுடையது, அதைக் கணவர் சொத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். என் தங்கை அந்த அறையில் அப்போதுதான் முதல் முறையாக வாய் திறந்து, "வங்கியில அடகுல இருக்கறதும் என்னுதுதானே?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் எனக்குத்தான் வேலை. கடன்காரர்கள் அட்டவணை. பெயர், விலாசம், எப்போது வாங்கியது, எவ்வளவு அசல், எவ்வளவு கட்டியது, ஈடு என்ன, ஜாமீன் யார். ஒருவர் பெயரையும் விடக் கூடாது என்றார் அந்த அம்மா. கடன் கொடுத்த பால்காரர் வரை. தண்டலுக்குச் சீட்டே இல்லையே என்று மாப்பிள்ளை இழுத்தார். சீட்டு இல்லாவிட்டாலும் கடன் கடன்தான், எழுதுங்கள் என்றார். தண்டல்காரர் வாங்கும் வட்டி வரைமுறை இல்லாமல் இருந்தால் அதற்கு 2003ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அதைத் தனியாகப் பார்ப்போம் என்றார். மாப்பிள்ளை ஒவ்வொரு கடனாகச் சொல்லச் சொல்ல, பழைய ஃபுல்ஸ்கேப் நோட்டில் கோடு போட்டு எழுதினேன். சொல்லி முடித்துவிட்டேன் என்பார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று வரும். கடைசியாக வந்தது அவருடைய அண்ணன் மனைவியிடம் வாங்கியது. அதை அவர் சொல்லும்போது தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கூட்டிப் பார்த்தபோது அவர் பயந்ததைவிடத் தொகை குறைவு. வட்டிக்கு வட்டியை இரண்டு முறை சேர்த்து மனசில் வைத்திருந்திருக்கிறார். கணக்கு எழுதாத மனிதர்கள் தங்கள் கடனை ஒன்று குறைத்துச் சொல்வார்கள், இல்லை கூட்டிப் பயப்படுவார்கள். சரியாகச் சொன்னவரை நான் பார்த்ததே இல்லை.

வழக்கு நடக்கிறது. வங்கியோடு பேச்சும் நடக்கிறது. அதன் விவரத்தை எழுதுவது முறையில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் என்று பலருக்கு அங்கே வக்கீல் இலவசம். பெண்ணுக்கு வருமானக் கணக்குகூடக் கேட்பதில்லை. பீடி சுற்றும் குடியாத்தம் பெண்கள், மகளிர் குழுக் கடனில் மாட்டியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலை உரிமையியல், குற்றவியல், தொழிலாளர் சட்டம், குடும்பத் தகராறு என்று வகை பிரித்து வைக்கலாம். அந்த வகைகளோடு 'கடன் மற்றும் நொடிப்பு' என்று ஒன்றைச் சேர்த்து, ஐ.பி. நடத்திப் பழகிய வக்கீல்களின் பெயரை அதில் எழுதி, வளாகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வக்கீல் தன்னைப் பற்றித் தானே போட்டால்தான் விளம்பரம். ஆணைக்குழு ஒட்டினால் அது பொதுமக்களுக்கான தகவல். பீஸ் கொடுத்து வருகிறவர்களுக்காக வழக்கறிஞர் சங்கமும் இப்படி ஒரு பட்டியல் வைக்கலாமா என்று பார் கவுன்சிலைக் கேட்டுப் பார்க்கட்டும்.

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனிப் பட்டியல் வேண்டும். மனு போடுவது கடனாளி குடியிருக்கும் இடத்தின் நீதிமன்றத்திலோ தொழில் நடக்கும் இடத்தின் நீதிமன்றத்திலோதான் என்பதால், ஆம்பூர் தோல் தொழில்காரர் சத்துவாச்சாரிக்கு வந்து பட்டியல் பார்த்து என்ன செய்வார்?

வேலூர் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடனாளி வக்கீலைப் பார்க்கப் போகுமுன் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் அச்சடித்துத் தாலுகா அலுவலகங்களில் வைக்கட்டும். நான் நோட்டில் கோடு போட்ட அட்டவணை இருக்கிறது, மாதிரிக்குக் கேட்டால் கொடுக்கிறேன்.

உங்களுக்கும் ஒன்று. கோர்ட் நோட்டீஸில் வக்கீல் பெயர் வரும் கடைசி வரி பல நாட்களில் மை ஊறிப் படிக்க முடியாமல் வருகிறது. அந்த வரியை மட்டுமாவது கொஞ்சம் பெரிய எழுத்தில் போட அச்சுப் பிரிவில் சொல்லுங்கள்.

என் பெயரும் விலாசமும் உங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்துள்ளேன். தங்கை குடும்பத்தை முன்னிட்டு வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மண்டிக் கணக்குப்பிள்ளை,
கொசப்பேட்டை, வேலூர்.